பேலியோவில் இளைப்பது எப்படி: முதல் 30 நாளுக்கு ஒரு வழிகாட்டி

பேலியோ உணவுமுறையை ஆரம்பித்த இரண்டாவது வாரத்தில் எனக்கு எடை கூடியது. அரிசி இல்லை, கோதுமை இல்லை, சர்க்கரையைத் தொடவே இல்லை. பட்டியலில் உள்ளதை மட்டும்தான் சாப்பிட்டேன். அப்புறம் எப்படி? காரணம் மேசை மேலேயே உட்கார்ந்திருந்தது. வேலைக்கு நடுவே கை எட்டும் தூரத்தில் ஒரு பாதாம் டப்பா. 250 கிராம் வாங்கிக் கொட்டினால் மூன்றே நாளில் காலி. 100 கிராம் பாதாமில் சுமார் 580 கலோரி. கணக்குப் போட்டுப் பார்த்தால் நாளொன்றுக்கு 480 கலோரிக்குக் குறையாமல், பசியே இல்லாத நேரத்தில், சும்மா கொறித்துத் தள்ளியிருக்கிறேன்.

பாதாம் பேலியோவில் தாராளமாக ஏற்கப்படும் உணவுதான். ஆனால் பட்டியலில் இருக்கிறது என்பது வேறு, எவ்வளவு தின்றாலும் உடம்பு இளைக்கும் என்பது வேறு. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். அதனால் எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, எவ்வளவு, எப்படி என்பதற்கு அதிக இடம் கொடுக்கிறேன்.

பேலியோ என்பது எது

விவசாயம் தொடங்கிச் சுமார் 10,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கு முன் ஏறத்தாழ 25 லட்சம் ஆண்டுகள் மனிதனும் அவன் முன்னோர்களும் வேட்டையாடியும், கிடைத்ததைப் பொறுக்கித் தின்றும்தான் வாழ்ந்தார்கள். நம் உடம்பு அந்த உணவுக்குப் பழகியது, இன்றைய உணவுக்கு அல்ல என்பது பேலியோவின் அடிப்படை வாதம். 1985இல் பாய்ட் ஈட்டன், மெல்வின் கானர் என்ற இருவர் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரைதான் இதற்கு ஆய்வுலகில் கவனம் தேடித் தந்தது. 2002க்குப் பிறகு லோரன் கார்டெய்ன் என்ற பேராசிரியர் வழியாக இது பொதுமக்களிடம் பரவியது.

சாப்பிட வேண்டியவை: இறைச்சி, மீன், முட்டை, காய்கறி, கீரை, பழம், கொட்டைகள், விதைகள், கிழங்குகள். தவிர்க்க வேண்டியவை: எல்லாத் தானியங்களும், பருப்பு மற்றும் பயறு வகைகள், பால் பொருட்கள், சர்க்கரை, ஆலையில் பதப்படுத்திய உணவுகள், சுத்திகரித்த விதை எண்ணெய்கள். நிலக்கடலை பெயரில் மட்டும்தான் கொட்டை. அது பயறு வகை, ஆகவே கிடையாது. உருளைக்கிழங்கு விஷயத்தில் பேலியோக்காரர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. ஆரம்பத்தில் அதையும் விலக்கியிருந்தார்கள், இன்று பலர் ஏற்றுக்கொள்கிறார்கள். நானும் ஏற்கும் கட்சி.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். வெண்ணெய், பாலாடைக்கட்டி, க்ரீம் என்று கொழுப்பை நிறைய வைத்து, மாவுச்சத்தை அறவே குறைக்கும் முறையையும் பலர் பேலியோ என்றே சொல்கிறார்கள். அது கீட்டோவுக்கு நெருங்கிய சொந்தம். பேலியோவில் பாலாடைக்கட்டி கிடையாது. பழத்துக்கும் கிழங்குக்கும் தடை கிடையாது. இரண்டையும் கலந்துகொண்டு, இதிலிருந்து வெண்ணெயும் அதிலிருந்து வாழைப்பழமும் எடுத்துக்கொண்டால், கொழுப்பும் உண்டு சர்க்கரையும் உண்டு. இளைப்பதற்கு அதைவிட மோசமான சேர்க்கை கிடையாது.

கற்கால மனிதன் தானியமே தின்னவில்லை என்று யாராவது அடித்துச் சொன்னால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இஸ்ரேலில் கலிலேயா ஏரிக்கரையில் உள்ள ஒஹாலோ 2 என்ற இடத்தில், 23,000 ஆண்டுகளுக்கு முன்பே காட்டுத் தானியங்களை அரைத்துத் தின்ற தடயம் கிடைத்திருக்கிறது. தான்சானியாவில் இன்றும் வேட்டையாடி வாழும் ஹட்சா மக்களுக்குத் தேன் என்றால் உயிர். குகை மனிதன் கதை ஆர்வத்தைக் கிளப்ப நல்லது. நம் தொப்பை குறைவதற்கு அந்தக் கதை உண்மையாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

இளைப்பது எதனால்

2019இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு ஒரு சோதனை செய்தது. 20 பேரை அங்கேயே தங்கவைத்து, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவும் கொடுத்தார்கள். முன்னே வைத்த உணவில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய சமம். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். பதப்படுத்திய உணவு வந்த நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகத் தின்றார்கள். அந்த இரண்டு வாரத்தில் ஏறக்குறைய 0.9 கிலோ ஏறினார்கள், மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கினார்கள்.

அது பேலியோவைச் சோதித்த ஆய்வு அல்ல. ஆனாலும் பேலியோ வேலை செய்வதன் ரகசியம் அதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். பிஸ்கட், கேக், சிப்ஸ், இனிப்புப் பானம், பாக்கெட் நொறுக்குத்தீனி ஆகியவைதான் நாம் பசிக்கு மேல் தின்பவை. பேலியோ இவற்றை ஒரே கோடு போட்டு அடித்துவிடுகிறது. அந்த இடத்தில் புரதமும் காய்கறியும் வருகின்றன. இரண்டும் சீக்கிரம் வயிற்றை நிறைப்பவை. புரதத்தைச் செரிக்கவே அதிலுள்ள ஆற்றலில் 20 முதல் 30 சதவீதம் செலவாகிவிடும்; கொழுப்புக்கு அது 3 சதவீதத்தைத் தாண்டாது. ஆக, அளவு பார்க்காமலே அளவு குறைகிறது. அந்தத் தானியங்கி வேலையைக் கெடுக்காமல் இருப்பதுதான் நம் பொறுப்பு. பாதாம் டப்பா வைத்து நான் கெடுத்தது அதைத்தான்.

பேலியோவையே நேரடியாகச் சோதித்த ஆய்வுகளும் உண்டு. 2007இல் வெளியான ஒரு சுவீடன் ஆய்வில், இதய நோயோடு ரத்தச் சர்க்கரைக் கோளாறும் உள்ள 29 ஆண்களில் பேலியோ சாப்பிட்டவர்களுக்கு 12 வாரத்தில் இடுப்பு சராசரியாக 5.6 செ.மீ. குறைந்தது, மத்தியதரைக்கடல் பாணி உணவு சாப்பிட்டவர்களுக்கு 2.9 செ.மீ. 2014இல் வெளியான இன்னொன்று மாதவிடாய் நின்ற, உடல் பருமனான 70 பெண்களை இரண்டு ஆண்டு கவனித்தது. ஆறாவது மாதத்தில் பேலியோ குழு கொழுப்பை இழந்ததில் நன்றாக முந்தியிருந்தது. இரண்டு ஆண்டு முடிவில் அந்த வித்தியாசம் குறிப்பிடும்படியாக இல்லை. ஆறு மாதத்தில் கிடைத்ததை எப்படித் தக்கவைப்பது என்று முதல் மாதத்திலேயே யோசிக்க வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் கடைசிப் பகுதி.

யார் மருத்துவரைப் பார்க்காமல் தொடங்கக்கூடாது

இதை வேகமாகத் தாண்டிப் போகாதீர்கள். இன்சுலின் போடுபவர்கள், சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் திடீரென்று மாவுச்சத்தைக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு, மாவுச்சத்து மிகவும் குறைந்தால் ரத்தத்தில் அமிலம் கூடும் வேறொரு ஆபத்தும் உண்டு. ரத்த அழுத்த மாத்திரையின் அளவையும் எடை குறையக் குறைய மாற்ற வேண்டியிருக்கும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டினால் மருந்தின் வேலை மாறிப்போகும். சிறுநீரகக் கோளாறு, கவுட் என்னும் யூரிக் அமில மூட்டுவலி, கர்ப்பம், தாய்ப்பால் கொடுக்கும் காலம், முன்பு உணவு தொடர்பான மனநலச் சிக்கல் இருந்தவர்கள் ஆகியோரும் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

மற்றவர்களும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவைப்பது நல்லது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொலஸ்ட்ரால் வகைகள், கிரியாட்டினின், யூரிக் அமிலம், இவ்வளவு போதும். மூன்று மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது கையில் இருக்க வேண்டும் இல்லையா.

தொடங்கும் முன்: டேப், நோட்டு, அலமாரி

இளைப்பது என்றால் எடை குறைவது என்று மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கொழுப்பு போய்த் தசை நிற்க வேண்டும். எடை மிஷினுக்கு இரண்டும் ஒன்றுதான். தையல் டேப்புக்குத்தான் வித்தியாசம் தெரியும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றுங்கள். மூச்சை இயல்பாக வெளியே விட்டதும் அளவு எடுங்கள். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அளந்தால் ஏமாறுவது நீங்கள்தான். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருப்பது நல்லது என்பது எளிய கணக்கு; 170 செ.மீ. உயரம் என்றால் 85க்குள். வாரம் ஒரு முறை, காலையில், ஒரே இடத்தில் அளந்து நோட்டில் எழுதுங்கள். எடையையும் எழுதலாம், ஆனால் தினமும் ஏறி இறங்குவதைப் பார்த்துக் கலங்காதீர்கள்.

அடுத்து, எதையும் மாற்றாமல் மூன்று நாள் சாப்பிடுவதை எல்லாம் அப்படியே எழுதுங்கள். டீயில் போட்ட சர்க்கரை, பிள்ளைகள் தட்டில் மீந்ததை வாயில் போட்டது, எல்லாமே. இந்த மூன்று நாள் நோட்டு எந்த நிபுணரையும்விடத் தெளிவாக உங்கள் பலவீனம் எங்கே என்று சொல்லிவிடும். சிலருக்கு அது இரவு ஒன்பது மணி. சிலருக்கு வாரக்கடைசி. எனக்கு வேலை மேசை.

பிறகு அலமாரி. வீட்டில் இருப்பதை என்றாவது ஒருநாள் தின்போம்; சோர்ந்துபோன ஒரு ராத்திரி போதும். பிஸ்கட், நொறுக்குத்தீனி, இனிப்புப் பானம் எல்லாவற்றையும் வெளியே அனுப்புங்கள். வீட்டில் மற்றவர்கள் சாப்பிடுவார்கள் என்றால் அவர்களுக்கென்று ஒரு தட்டை ஒதுக்கி, கண்ணுக்கு நேராக இல்லாத இடத்தில் மூடிவையுங்கள். வீட்டாரைப் பேலியோவுக்கு மாற்றும் பிரசாரத்தை முதல் மாதத்தில் தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். அதில் போகும் சக்தியைச் சமையலில் போடலாம்.

தட்டில் என்ன, எவ்வளவு

முதலில் புரதத்தை முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் அதைச் சுற்றி வரட்டும். உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் என்பது இளைப்பவர்களுக்கு நல்ல இலக்கு. எடை மிக அதிகமாக இருந்தால், நீங்கள் எட்ட நினைக்கும் எடையை வைத்துக் கணக்கிடுங்கள். 70 கிலோ என்றால் 84 முதல் 112 கிராம். இது இறைச்சியின் எடை அல்ல, அதிலுள்ள புரதத்தின் எடை. பலர் இங்கே குழம்புகிறார்கள். ஒரு முட்டையில் 6 கிராம். சமைக்காத கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் சுமார் 22 கிராம், மீனில் சுமார் 20 கிராம். காலையில் மூன்று முட்டை, மதியம் 200 கிராம் கோழி, இரவு 200 கிராம் மீன் என்றால் நூறைத் தாண்டிவிட்டது. தராசு இல்லாவிட்டால் உங்கள் உள்ளங்கை அகலமும் கனமும் உள்ள துண்டு ஒரு வேளைக்கு ஒன்று, பசி அதிகமென்றால் ஒன்றரை.

தட்டில் பாதி காய்கறி. கேரட், முட்டைக்கோஸ், காலிபிளவர், குடைமிளகாய், பூசணி, வெள்ளரி, கீரை, எதுவானாலும் சரி. இதற்கு அளவே வேண்டாம். காய்கறி பிடிக்காதவர்களுக்கு ஒரு வழி: வேகவைத்துக் கொழகொழவென்று ஆக்காதீர்கள். காலிபிளவரைச் சின்னத் துண்டுகளாக உதிர்த்து, ஈரத்தைத் துடைத்துவிட்டு, வாணலி நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். உடனே கிளறாமல் இரண்டு நிமிடம் அப்படியே விட்டால் அடிப்பக்கம் பழுப்பேறும். அந்தப் பழுப்பில்தான் ருசி. அப்புறம் திருப்பிப் போட்டு, உப்பும் மிளகும் தூவி இறக்குங்கள்.

கிழங்கு ஒரு கைப்பிடி முஷ்டி அளவு, உடம்பு உழைக்கும் நாளில். வேகவைத்த உருளைக்கிழங்கு 100 கிராம் 90 கலோரிகூட வராது. அதே கிழங்கு சிப்ஸாக மாறினால் 100 கிராம் 500ஐத் தாண்டிவிடும். கிழங்கைத் திட்டுபவர்கள் பெரும்பாலும் எண்ணெயைத்தான் திட்ட வேண்டும்.

எண்ணெய் என்றதும் ஒரு சின்னச் சோதனை. நான் சமைக்கும் முன் எண்ணெய் பாட்டிலைத் தராசில் வைத்து எடை பார்த்தேன். வழக்கம்போலக் கண் மதிப்பில் ஊற்றிச் சமைத்தேன். பிறகு மறுபடி வைத்தால் 46 கிராம் குறைந்திருந்தது. ஏறத்தாழ 400 கலோரி, இரண்டு பேர் சாப்பிடும் ஒரு கறிக்கு. அன்றிலிருந்து பாட்டிலோடு ஒரு மேசைக்கரண்டியையும் ரப்பர் வளையம் போட்டுக் கட்டிவைத்திருக்கிறேன். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. ஆளுக்கு ஒரு வேளைக்கு ஒன்று போதும். ஆலிவ் எண்ணெயா, தேங்காய் எண்ணெயா என்று மணிக்கணக்கில் விவாதிப்பவர்கள் அளவைப் பற்றிப் பேச மறந்துவிடுகிறார்கள். கொழுப்பு எந்த எண்ணெயில் இருந்தாலும் கிராமுக்கு 9 கலோரிதான்.

கொட்டைகள்: நாளுக்கு 20 முதல் 25 பாதாம், அல்லது அதற்குச் சமமான வேறு ஏதாவது. எண்ணி எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு, டப்பாவை மூடி அலமாரியில் வைத்த பிறகே முதல் பருப்பை வாயில் போட வேண்டும்.

பழம் நாளுக்கு ஒன்றிரண்டு, முழுதாக. சாறு வேண்டாம். உலர்பழமும் தேனும் பேலியோதான் என்று வாதாடலாம், வாதத்தில் ஜெயிக்கவும் செய்யலாம். உடம்புக்கு அது சர்க்கரை. பாதாம் மாவும் தேனும் போட்டுச் செய்யும் பேலியோ கேக், பேலியோ பிஸ்கட் வகையறாவை முதல் மாதத்தில் கிட்டேயே சேர்க்காதீர்கள்.

சைவர்களுக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முட்டை தின்பவர் என்றால் ஓரளவு சமாளிக்கலாம். முட்டையும் இல்லை, பருப்பும் இல்லை, பாலும் இல்லை என்றால் புரதத்துக்குக் கொட்டையும் விதையும்தான் மிஞ்சும். அவற்றில் 100 கிராம் புரதம் எடுக்கப் போனால் கலோரி எங்கோ போய்விடும். பருப்பையும் தயிரையும் வைத்துக்கொண்டு மற்ற விதிகளைக் கடைப்பிடியுங்கள். பெயர் பேலியோவாக இல்லாமல் போகட்டும், இடுப்பு குறையும்.

முதல் வாரம்

ஏழு நாளுக்கு இருபத்தியோரு வகைச் சமையல் என்று திட்டம் போடுபவர்கள் நான்காவது நாள் விட்டுவிடுவார்கள். காலைக்கு ஒன்று, மதியத்துக்கு இரண்டு, இரவுக்கு இரண்டு வகை போதும். சுழற்றிச் சுழற்றிச் சாப்பிடுங்கள். விடுமுறை நாளில் ஒரு டஜன் முட்டையை அவித்து, காய்கறியைக் கழுவி நறுக்கி, கோழியை மசாலா தடவிப் பங்கு பிரித்து வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பசியோடு வீட்டுக்குள் நுழையும்போது பத்து நிமிடத்தில் தட்டுக்கு வரக்கூடிய ஏதாவது எப்போதும் இருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை தலைவலி, அசதி, எரிச்சல் வரலாம். மாவுச்சத்து குறையும்போது உடம்பு தண்ணீரையும் உப்பையும் சேர்த்தே வெளியேற்றும். தண்ணீர் நன்றாகக் குடியுங்கள். ரத்த அழுத்தம் இல்லாதவர்கள் சாப்பாட்டில் உப்பை வழக்கம்போலச் சேர்த்துக்கொள்ளுங்கள். எலும்பு சூப் ஒரு கிண்ணம் இதமாக இருக்கும். மலச்சிக்கல் வந்தால் காய்கறியைக் கூட்டுங்கள், கிழங்கையும் கொஞ்சம் சேருங்கள். பால் இல்லாத டீ, காபி முதல் மூன்று நாள் கஷாயம் போலத்தான் இருக்கும், அப்புறம் பழகிவிடும். மதுவை அந்த 30 நாளும் ஒதுக்கிவையுங்கள்.

வார முடிவில் ஒன்றரை, இரண்டு கிலோ குறைந்திருக்கலாம். கூத்தாட வேண்டாம். உடம்பு மாவுச்சத்தைச் சேமித்துவைக்கும்போது ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 3 கிராம் தண்ணீரையும் கூடவே வைத்திருக்கும். அந்தச் சேமிப்பு கரைந்ததும் தண்ணீரும் போய்விடும். இறங்கியதில் பெரும்பங்கு அதுதான். இரண்டாம் வாரம் எடை அப்படியே நின்றால் "எனக்கு வேலை செய்யவில்லை" என்று சோர்ந்துபோகிறவர்கள் ஏராளம். உண்மையான கணக்கு அப்போதுதான் ஆரம்பிக்கிறது. அதன்பிறகு வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் நல்ல வேகம்.

வெளியே சாப்பிட நேர்ந்தால்

சுட்ட அல்லது கிரில் செய்த இறைச்சியோ மீனோ, கூட ஒரு சாலட். சாஸைத் தனியாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். விருந்துக்குப் போகும் முன் வீட்டில் இரண்டு முட்டை தின்றுவிட்டுப் போவது கைகண்ட வைத்தியம். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை வழக்கத்துக்குத் திரும்புங்கள். பட்டினி கிடந்து ஈடுகட்டப் பார்த்தால் இரவில் இரண்டு மடங்காகத் திரும்ப வரும்.

பாக்கெட்டில் வாங்கும் இறைச்சியில் மட்டும் கவனம். ஒருமுறை வெறும் கோழி என்று நினைத்து வாங்கிய சாசேஜ் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். கோழிக்கு அடுத்து தண்ணீர், ஸ்டார்ச், சோயா புரதம், டெக்ஸ்ட்ரோஸ் என்று வரிசை போனது. பொருட்களின் பட்டியலில் எது அதிகமோ அதுதான் முதலில் வரும். டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின், குளுக்கோஸ் சிரப் எல்லாம் சர்க்கரையின் சொந்தபந்தங்கள். பட்டியல் ஐந்து வரியைத் தாண்டினால் நான் கீழே வைத்துவிடுவேன்.

தூக்கமும் தசையும்

உணவை மட்டும் மாற்றினால் எடை குறையும், ஆனால் குறைவதில் தசையும் கொஞ்சம் போகும். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள் பளு சார்ந்த பயிற்சி வேண்டும். ஜிம் அவசியமில்லை. உட்கார்ந்து எழுந்திருத்தல், தண்டால், கனமான பையைத் தூக்கி இடுப்புப் பக்கம் இழுத்தல், இந்த மூன்றில் ஒவ்வொன்றையும் மூன்று சுற்று செய்யுங்கள். ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் "இன்னும் இரண்டு முறைதான் முடியும்" என்ற நிலை வர வேண்டும். தண்டால் வராதவர்கள் சுவரில் கைவைத்து ஆரம்பிக்கலாம். மற்ற நாட்களில் நடை.

தூக்கத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 2010இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் 10 பேருக்குக் கலோரி குறைந்த உணவு கொடுத்து, இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும் இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்க அனுமதித்தார்கள். இரண்டு முறையும் எடை ஏறக்குறைய ஒரே அளவு, சுமார் 3 கிலோ குறைந்தது. நன்றாகத் தூங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு. தூக்கம் குறைந்தபோது கொழுப்பு 0.6 கிலோதான், மற்றது தசை உட்படக் கொழுப்பல்லாத எடை. பத்தே பேர்தான் என்றாலும், இதைப் படித்த பிறகு நான் இரவில் செல்போனை அடுத்த அறையில் வைக்க ஆரம்பித்தேன்.

தட்டில் விட்டுப்போகும் சத்துகள்

பாலை விட்டால் கால்சியத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு நாளுக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் தேவை. எலும்போடு மென்று தின்னும் சிறுமீன்கள் இதற்கு முதல் தரம். மத்தி மீன் டின்னில் 100 கிராமுக்கு 380 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். பாலக்கீரையில் கால்சியம் நிறைய என்று நம்பி இருந்துவிடாதீர்கள். அதிலுள்ள ஆக்ஸலேட் பெரும்பகுதியை உடம்பில் சேரவிடாது. மீன் தின்னாதவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுப்பது, அல்லது தயிரை மட்டும் விதிவிலக்காக வைத்துக்கொள்வது நல்லது.

அயோடின் இன்னொன்று. மேலே சொன்ன 2014 ஆய்வின் அதே 70 பெண்களை வைத்துப் பின்னர் பார்த்தபோது, பேலியோ குழுவில் அயோடின் குறைந்திருந்தது. பாலும் அயோடின் உப்பும் சேர்ந்து போனால் இப்படித்தான் ஆகும். பாறை உப்பு, கடல் உப்பு என்று அலங்காரமாக வாங்கிவைப்பதைவிட, அயோடின் சேர்த்த சாதாரண உப்பையே அளவோடு போடுங்கள்.

30 நாள் முடிந்ததும்

இடுப்பளவை முதல் நாள் அளவோடு ஒப்பிடுங்கள். இடுப்பு குறைந்து எடை நின்றிருந்தால் எதையும் மாற்ற வேண்டாம். இரண்டும் இரண்டு வாரமாக அசையவில்லை என்றால், புதிய விதி எதையும் தேடாமல் மூன்று நாள் மறுபடி எல்லாவற்றையும் எழுதுங்கள். எண்ணெய், கொட்டை, தேங்காய், பழம், இந்த நான்கில் ஒன்று நிச்சயம் மாட்டும்.

பிறகு விட்டதை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் சேர்த்தால் எது ஒத்துக்கொள்கிறது, எது இல்லை என்று தெரியாது. முதலில் பருப்பு, மூன்று நாள், நாளுக்கு ஒரு கிண்ணம். வயிறு எப்படி இருக்கிறது, அடுத்த வேளை பசி எப்போது வந்தது, அளவோடு நிறுத்த முடிந்ததா, இந்த மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். இரண்டு நாள் இடைவெளி விட்டு அடுத்தது தயிர், அப்புறம் அரிசி, கடைசியாகக் கோதுமை. மூன்றாம் மாதம் ரத்தப் பரிசோதனையை மறுபடி செய்யுங்கள். கெட்ட கொலஸ்ட்ரால் கணிசமாக ஏறியிருந்தால் கொழுப்பு அதிகமுள்ள இறைச்சியையும் தேங்காய் எண்ணெயையும் குறைத்து, மீனைக் கூட்டிவிட்டு, முடிவை மருத்துவரிடம் காட்டுங்கள்.

எனக்குப் பருப்பும் தயிரும் எந்தத் தொந்தரவும் தரவில்லை, இரண்டும் நிரந்தரமாகத் திரும்பிவிட்டன. அரிசி மதியம் மட்டும் ஒரு கிண்ணம். ரொட்டிக்கு எதிரே மட்டும் நோட்டில் மூன்று நாளும் ஒரே வரிதான் எழுதியிருக்கிறது: "இரண்டு துண்டோடு நிறுத்த முடியவில்லை." அதனால் அதை இன்னும் வீட்டுக்குள் சேர்க்கவில்லை.